ஆண் எலி மட்டும் போதும் என்றார்கள்

எம்.ஃபார்ம் இரண்டாம் வருஷம் எனக்கு வலி நிவாரணி ஆய்வு. காலையில் விலங்குக்கூடத்தின் கதவைத் திறந்ததும் உமி வாசனையும் எலி மூத்திர நெடியும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கூண்டிலிருந்து எலியை எடுத்து 55 டிகிரி சூட்டுத் தட்டில் விட வேண்டும். அது பாதத்தை நக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். 15 நொடியில் எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் பாதம் வெந்துபோகும். அத்தனையும் ஆண் எலிகள். பெண் எலி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "அதுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை ஹார்மோன் மாறும்மா, ரீடிங் நிக்காது" என்றார் கைடு. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது. போன மாதம் என் மகள் மாதவிடாயின் இரண்டாம் நாள் வலியில் சுருண்டு படுத்துக்கொண்டு, "அம்மா, இதே மாத்திரை போன வாரம் தலைவலிக்குக் கேட்டுச்சே, இப்ப ஏன் கேக்கல?" என்றாள். மருந்தியல் படித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனபோதும் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

குருமாவுக்குக் கசகசா அரைக்கிறோம் அல்லவா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். கடுமையான வலிக்குத் தரும் மார்ஃபின் வருவது அதிலிருந்து. அந்த மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள், அதாவது ஏற்பிகள், மூளையிலேயே இருக்கின்றன என்று 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்காக மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்காது, உடம்பே அதுபோல ஏதோ சுரக்க வேண்டும் என்று பலரும் தேடினார்கள். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அப்படி ஒன்றை, என்கெஃபலினை, கண்டெடுத்தார்கள். பின்னாலேயே அதே வகையில் பீட்டா எண்டார்ஃபின், டைனார்ஃபின் எல்லாம் வந்தன.

நம் உடம்பே காய்ச்சும் இந்த அபின் பெண்ணுக்கு எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. 1982-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஃபெரின் குழு, பெண் குரங்குகளின் மூளையடியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. கருமுட்டை வெளிவந்த பிறகான நாட்களில் பீட்டா எண்டார்ஃபின் நிறைய இருந்தது. மாதவிடாய் நாட்களில் கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். மகளின் வலிக்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வலியைக் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், இறுகுவது கருப்பை. ஆனால் 2006-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெண்களின் தாடைத் தசையில் வலி வரவைக்க உப்புநீர் ஏற்றி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். அதே பெண்கள், இரண்டு தடவை. எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகமாக இருந்தபோது மூளையின் சொந்த வலியடக்கும் அமைப்பு நன்றாக எழுந்து வேலை செய்தது. எஸ்ட்ரோஜன் குறைந்திருந்தபோது அது மந்தமாக இருந்தது, வலியும் கூடத் தெரிந்தது.

வலி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மூளையின் வடிவமே இந்தச் சுழற்சியோடு மாறுகிறது. 1990-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலி, புரூஸ் மக்யூவன் குழுவினர் எலியின் ஹிப்போகேம்பஸை, அதாவது நினைவைப் பதிக்கும் பகுதியை, எடுத்துப் பார்த்தார்கள். நரம்பணுவின் கிளைகளில் முருங்கைக் கிளையில் மொட்டுவிட்டாற்போலச் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். அடுத்த நரம்பணு வந்து பேசும் இடம் அந்த முள். எஸ்ட்ரோஜன் ஏறும் நாளில் முட்கள் அடர்ந்திருந்தன. ஒரே நாள் கழித்துப் பார்த்தால் முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தன. வளர்ந்து முடிந்த மூளையில், 24 மணி நேரத்தில்!

அந்த இடத்திலும் இந்த உள்ளூர் அபின்தான் கூட்டாளி. ஆய்வாளர் டெரசா மில்னரும் மக்யூவனும் வருஷக்கணக்காக ஹிப்போகேம்பஸின் என்கெஃபலின், டைனார்ஃபின் இரண்டையும் பின்தொடர்ந்தார்கள். எஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும்போது பெண் எலியில் அவற்றின் அளவு கூடுகிறது, ஏற்பிகள் இருக்கும் இடமும் மாறுகிறது. 2015-இல் ஹெலன் ஷார்ஃப்மன் குழு இன்னும் ஒரு படி போனது. ஹிப்போகேம்பஸில் ஒரு நரம்பணு இணைப்பு உறுதிப்பட, உச்ச நாளில் இருக்கும் பெண் எலிக்குச் சின்னத் தூண்டுதலே போதும், அதை நடத்துவது அபின் ஏற்பிகளில் டெல்டா என்ற வகை. ஆணுக்குப் பலமான தூண்டுதல் வேண்டும், நடத்துவது மியூ என்ற இன்னொரு வகை. மார்ஃபின் முக்கியமாகப் போய் உட்காருவதும் மியூவில்தான். ஆண் எலியை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் டெல்டாவின் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

என் கைடைத் திட்டுவதில் பயனில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள். 2009-இல் வெளிவந்த கட்டுரைகளை அன்னலீஸ் பீரியும் இர்விங் ஸக்கரும் எண்ணிப் பார்த்தபோது, நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஒரு ஆய்வுக்கு ஆணை மட்டும் வைத்து ஐந்தரை ஆய்வு இருந்தது. பெண் எலியின் ரீடிங் நிற்காது என்ற வாதமும் பொய். 2014-இல் 293 கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுழற்சியைப் பார்க்காமலே சோதித்த பெண் சுண்டெலிகள் ஆண் சுண்டெலிகளை விட அதிகமாக அலைபாயவில்லை. யாராவது இந்தப் பதிவைக் காட்டி "பார்த்தியா, எல்லாம் ஹார்மோன்" என்று வீட்டில் பேசினால், தயவுசெய்து இந்தப் பத்தியையும் காட்டுங்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்கிறீர்கள், கர்ப்பமா என்று பார்க்கவும் எக்ஸ்ரேக்கு முன்பும். வலி என்று வரும் பெண்ணிடமும் கேளுங்கள். வலி எத்தனை, பத்துக்கு ஏழா எட்டா என்று எழுதும் சீட்டில், பக்கத்திலேயே இது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று ஒரு கட்டம் போடுங்கள். மகளுக்கு நான் தினசரி காலண்டரில் குறித்துக்கொண்டு வருகிறேன். மூன்று மாதக் குறிப்போடு அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போகப்போகிறோம்.

எம்.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகளே, கைடு பெண் எலி வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். அது சுழற்சியில் எந்த நாளில் இருக்கிறது என்று பார்ப்பது அப்படி ஒன்றும் பெரிய வேலையில்லை. ஒரு ட்ராப்பர், கொஞ்சம் சலைன், ஒரு ஸ்லைடு. எலியின் யோனியைச் சலைனால் அலசி, அந்தத் துளியைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும், எலிக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நுண்ணோக்கியில் உருண்டையான செல்கள் நடுவில் கருவோடு கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் எஸ்ட்ரோஜன் உச்ச நாள். மறுநாள் அதே எலியில் கரு இல்லாத செதில்களாகக் கிடக்கும்.