படியேறி வர்ற ஒரு ஆள் வேணும்

நாங்க இலங்கையில ஒரு தேயிலைத் தோட்டத்து ஆட்கள். போன கிழமை அண்ணி கூட, பிள்ளைங்களுக்கு நிறை பாக்கிற கிளினிக்குக்குப் போயிருந்தேன். அண்ணியோட ரெண்டாவது பிள்ளைக்கு இப்ப ஒரு வயசும் எட்டு மாசமும். காலையில 8 மணிக்குப் போய் லைன்ல நின்னு 11 மணி போல கூப்பிட்டாங்க, தராசுல பிள்ளைய தொங்கவிட்டு கார்டுல புள்ளி வச்சாங்க. போன மாசத்துப் புள்ளியையும் இந்த மாசத்துப் புள்ளியையும் சேத்தா கோடு கீழ இறங்குது, நிறை குறைவுன்னு காட்டுற செம்மஞ்சள் பட்டைக்குள்ள போயிருச்சு. "பிள்ளைக்கு சாப்பாடு காணாது, முட்டை குடுங்க, மீன் குடுங்க, கீரை குடுங்க"ன்னு பாதி சிங்களத்துலயும் பாதி தமிழ்லயும் சொன்னாங்க. ரெண்டு நிமிஷம்தான். பின்னால இன்னும் 40 பேர் நிக்கிறாங்க, அவங்கள குறை சொல்லவும் ஏலாது.

அண்ணி கார்டை ஷொப்பிங் பேக்ல சுத்தி வச்சுக்கிட்டு தலையாட்டிட்டு வந்துட்டாங்க. கோயில் வளைவு வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாங்க, "நான் பிள்ளைய பட்டினி போடுறேன்னு நினைச்சுட்டாங்களோ?"

அதுதான் ஒரு கிழமையா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அண்ணி வெள்ளன 4 மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு வச்சுட்டு, மூத்தவள ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்திட்டு, 7 மணிக்கு கொழுந்து பறிக்க மலையில நிக்கணும். எங்க டிவிஷன் (தோட்டத்துப் பிரிவு) பிள்ளைக் காம்பரா, அதாவது வேலைக்குப் போறவங்க பிள்ளைய விட்டுட்டுப் போற இடம், கூரை ஒழுகி மூடிக் கிடக்கு, அடுத்த டிவிஷன்ல உள்ளதுக்கு தூக்கிட்டுப் போனா வேலைக்கு நேரமாயிரும். அதனால பிள்ளை அப்பாயிகிட்ட. அப்பாயிக்கு 70 தாண்டிருச்சு, கண்ணும் சரியில்ல, பேரன் மேல உயிர். பிள்ளை அழுதா தேத்தண்ணி. தூங்கி எழும்புனா தேத்தண்ணி. சீனி போட்ட சாயத் தண்ணியில ரொட்டிய ஊறவச்சு ஊட்டுவாங்க, பகலுக்கு சோறும் பருப்பும் பிசையுற நேரம் பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சுதான் இருக்கும், ரெண்டு வாய் வாங்கிட்டு முகத்த திருப்பிக்குவான். சாயத் தண்ணி பசிய அடைக்கிறது மட்டுமில்ல, சாப்பாட்டுல இருக்கிற இரும்புச் சத்தையும் உடம்புல ஒழுங்கா சேர விடாது. அன்னைக்கு லீவு போட்டு வீட்டுல இருந்ததால எனக்கு இது கண்ணுல பட்டுச்சு. ஒரு வேலை நாள்ல பகல் 10 மணிக்கு யாராவது வந்து அந்த இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) அரை மணித்தியாலம் உக்காந்திருந்தா அவங்களுக்கும் பட்டிருக்கும். கிளினிக்ல தராசுக்குப் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு நேர் மாறா ஒண்ணு சொல்றேன். என் மூத்தவன் பொறந்தப்ப எனக்கு 21 வயசு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மூணாவது நாள், நல்ல மழை, எங்க மேட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஒரு மிட்வைஃப் அம்மா, வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பாக்கிற அரசாங்க மருத்துவச்சி, குடையோட படியேறி வந்தாங்க. தமிழ் ஆள். வந்ததும் கார்டு கேக்கல. "தேத்தண்ணி ஊத்தும்மா"ன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டு கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. "பால் குடு, பாப்போம்"னாங்க. எனக்கு காம்பு வெடிச்சு ரத்தம் வருது, யார்கிட்டயும் சொல்லல, வெக்கம். அவங்க பிள்ளையோட தாடைய ஒரு விரலால மெதுவா கீழ இறக்கி, வாய் நல்லா திறந்ததும் அப்படியே மார்போட சேத்து வச்சாங்க, கறுப்பு வட்டமும் வாய்க்குள்ள போற மாதிரி. வலி பாதி குறைஞ்சது அந்த நிமிஷமே. அப்புறம் சுத்திப் பாத்துட்டு, "அடுப்புப் புகை நேரா பிள்ளை மேல வருதே, கட்டில இந்தப் பக்கம் இழுங்க"ன்னு சொல்லி எங்க அப்பாவையே இழுக்க வச்சாங்க. போறப்ப வாசல்ல நின்னு என்கிட்ட மட்டும் மெதுவா கேட்டாங்க, "அவரு குடிச்சிட்டு கைய ஓங்குறாரா?" இல்லைன்னு சொன்னேன். இருந்திருந்தா அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

பிள்ளைக்கு ரெண்டு வயசாகுற வரைக்கும் எங்க வீட்டுக்கு வந்தது அதே ஆள்தான். அதுதான் முக்கியம்.

நான் முன்பள்ளி டீச்சர். எங்ககிட்ட பிள்ளைங்க வர்றது 3 வயசுல. சில பிள்ளைங்க வர்றப்பவே தெரியும், உயரம் இல்ல, பேச்சு வரல, பாட்டு சொன்னா முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். எவ்வளவு பாடுபட்டாலும் முழுசா எடுத்து நிறுத்த முடியல. அமெரிக்காவுல டேவிட் ஓல்ட்ஸ்னு ஒருத்தர் 1970கள்ல பால்டிமோர்ல ஏழைப் பிள்ளைங்க பகல்ல இருக்கிற நிலையத்துல வேலை பாத்தவரு, அவருக்கும் இதே எண்ணம்தான் வந்திருக்கு, இந்தப் பிள்ளைங்க நம்மகிட்ட வர்றப்பவே பிந்திருச்சு, தாய் வயித்துல இருக்கிறப்பவே போயிருக்கணும்னு. அப்புறம் நியூயோர்க் மாநிலத்துல எல்மைரான்னு ஒரு சின்ன வசதியில்லாத ஊர்ல 400 கர்ப்பிணிகள சேத்து, ஒரு பகுதிக்கு நேர்ஸ்மார அனுப்பினாரு. கர்ப்பகாலத்துல தொடங்கி பிள்ளைக்கு ரெண்டு வயசு வரைக்கும். 15 வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தா, நேர்ஸ் போன குடும்பங்கள்ல பிள்ளைய அடிச்ச, கவனிக்காம விட்ட முறைப்பாடு மத்த வீடுகளவிட பாதிக்குக் கிட்ட குறைவு. பிறகு டென்வர்ல நேர்சுக்குப் பதிலா குறைஞ்ச படிப்புள்ள சாதாரண ஆட்களுக்கு பயிற்சி குடுத்தும் அனுப்பிப் பாத்தாங்க, பலன் வந்துச்சு, ஆனா நேர்ஸ் போனதுல பாதி அளவுதான்.

அப்ப நேர்ஸ் இல்லாட்டி சரிவராதான்னா, ஜமைக்காவப் பாருங்க. நம்மள மாதிரியே வெள்ளைக்காரன் தோட்டம் போட்டு வேலை வாங்குன தீவு அதுவும். அங்க கிங்ஸ்டன்ல 1980கள்ல வளர்ச்சி குன்றிய (வயசுக்கேத்த உயரம் இல்லாத) 129 பிள்ளைங்கள எடுத்து, ஒரு பகுதிக்கு அந்தந்த ஊர் சுகாதார உதவியாளர் பொம்பளைங்கள கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு அனுப்பினாங்க, ரெண்டு வருஷம். செய்ததெல்லாம் வீட்டுல கிடக்கிற பொருள்ல செஞ்ச விளையாட்டுச் சாமான வச்சு தாய்க்கு பிள்ளையோட விளையாடவும் பேசவும் பழக்குனதுதான். 20 வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளைங்க சம்பாதிச்சது, வீட்டுக்கு ஆள் போகாத பிள்ளைங்கள விட 25 வீதம் கூட. கிழமைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு! ஆனா அந்த உதவியாளர்கள சும்மா அனுப்பல, நல்லா பழக்கி, பின்னால ஆள் நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க.

இங்கிலாந்துல நடந்ததையும் சொல்லணும், இல்லாட்டி நான் வசதியானத மட்டும் சொன்ன மாதிரி ஆயிரும். அங்கயும் ஓல்ட்ஸோட அந்த நேர்ஸ் திட்டத்த 19 வயசும் அதுக்குக் குறைஞ்ச வயசும் உள்ள தாய்மாருக்கு வச்சு பெரிசா ஆய்வு செஞ்சாங்க. 2015ல வந்த முடிவுல, பிறப்பு நிறை, சிகரெட் விடுறது, அடுத்த கர்ப்பம் தள்ளிப் போறது, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது, இந்த நாலுலயுமே வித்தியாசம் இல்ல. பிறகு பிள்ளைங்க ஸ்கூல் போற வயசுல பாத்தப்ப கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சிருக்கு, அது வேற. ஏன் இப்படின்னா, அங்க எல்லா தாய்க்கும் சாதாரணமாவே வீட்டுக்கு வர்ற சுகாதார ஊழியர் இருக்காங்க, அதுக்கு மேல இன்னொண்ண வைக்கிறப்ப பெரிசா தெரியலன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. எனக்கு இதுதான் ரொம்ப சரியாப் படுது. சாதாரண சேவை ஒழுங்கா இருந்தா விசேஷ திட்டம் தேவையில்ல. நமக்கு இல்லாதது அந்த சாதாரணம்தான்.

ஏன்னா இலங்கைக்கு இது புதுசே இல்ல. 1926ல களுத்துறையில முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கினதுல இருந்து கிட்டத்தட்ட நூறு வருஷமா வீட்டுக்கு வர்ற மிட்வைஃப் இந்த நாட்டுல இருக்காங்க. கல்யாணம் முடிச்ச குடும்பத்த பதியுறது, கர்ப்பிணிய வீட்டுல பாக்கிறது, பிள்ளை பொறந்து முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தடவை, அப்புறம் 42 நாள் அளவுல ஒரு தடவை, எல்லாம் விதியிலயே இருக்கு. பிரசவத்துல தாய் சாகிறது நம்ம நாட்டுல இவ்வளவு குறைஞ்சதுக்கு இவங்க நடந்த நடைதான் பெரிய காரணம், உலகமே சொல்லுது. ஆனா அந்த நடை தோட்டத்துக்குள்ள வர்றப்ப குறைஞ்சிருது. ரொம்ப காலம் தோட்ட சுகாதாரத்த கம்பனியும் தோட்ட டிஸ்பென்சரியும்தான் பாத்துச்சு, அரசாங்கம் பிந்தித்தான் உள்ள வந்துச்சு. இப்பவும் ஒரு மிட்வைஃப் மூணு நாலு டிவிஷன், பஸ் போகாத ரோட்டுல, கைக்காசு குடுத்து த்ரீவீல் பிடிச்சு. அதுல நிறையப் பேருக்கு தமிழ் வராது. வர்ற ஆள் டிஸ்பென்சரி வரைக்கும் வந்துட்டு, தாய்மார அங்க வரச் சொல்லி நிறை பாத்துட்டுப் போயிருவாங்க. அப்ப அது வீட்டுக்கு வந்ததா கணக்கா?

2016ல எடுத்த தேசிய ஆய்வுல நாடு முழுக்க 5 வயசுக்குட்பட்ட பிள்ளைங்கள்ல 17 வீதம் வளர்ச்சி குன்றினவங்க. தோட்டத்துல கிட்டத்தட்ட 32 வீதம். மூணுல ஒண்ணு. என் முன்பள்ளியில பாய் விரிச்சு உக்கார வச்சு எண்ணிப் பாத்தாலும் அதேதான் வருது.

சம்பளம் கூட்டாம இதெல்லாம் பேசி என்ன பிரயோசனம்னு ஒரு தம்பி கேட்டான். நியாயம்தான், நானும் அதத்தான் சொல்றேன், தோட்டத்து நாள் சம்பளத்துக்கு முட்டையும் மீனும் தினம் வாங்க ஏலாது, கொழுந்து குறைஞ்சா அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) வேற. பிரசவ லீவு 12 வாரம், 2018 வரைக்கும் மூணாவது பிள்ளைன்னா 6 வாரம்தான். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுங்கன்னு கிளினிக் சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கு, நாலாவது மாசம் தாய் மலையில நிக்கிறா, பால் கட்டி சட்டை நனைஞ்சு. சம்பளத்துக்கும் லீவுக்கும் சண்டை போடத்தான் வேணும். அதுக்காக சம்பளம் கூடுற வரைக்கும் இந்தப் பிள்ளை வளராம காத்துக்கிட்டு இருக்குமா? ரெண்டு வயசு தாண்டிட்டா அந்த உயரம் திரும்ப வர்றது ரொம்ப கஷ்டம்.

எனக்கு வேணும்னு படுறது இதுதான். புது புராஜெக்ட் வேணாம். மூணு வருஷம் நடத்தி, டீசேட் குடுத்து, போட்டோ எடுத்துட்டுப் போற வேலை வேணாம், நிறைய பாத்துட்டோம். இருக்கிற மிட்வைஃப் வெற்றிடத்த நிரப்புங்க. எங்க தோட்டத்துப் பிள்ளைங்கள அதுக்கு எடுங்க. பயிற்சிக்கு உயர்தரத்துல விஞ்ஞானம் வேணும்னா, சரி, கேளுங்க, டென்வர்ல பாத்த மாதிரி படிச்ச ஆள் போறதுக்கு ஒரு பெறுமதி இருக்கு, ஆனா விஞ்ஞானப் பிரிவே இல்லாத ஸ்கூல்கள்ல படிச்ச பிள்ளை எங்க போகும்? கலைப்பிரிவுல நல்லா செஞ்ச பிள்ளைக்கு ஒரு வருஷம் கூடுதலா படிப்பிச்சு எடுங்களேன். லயத்துல பொறந்தவளுக்கு எந்த வீட்டுல யார் குடிப்பாங்க, எந்த அப்பாயிகிட்ட எப்படிச் சொன்னா கேப்பாங்கன்னு தெரியும். தராசுப் பக்கம் நின்னு சொல்றத யாரும் சொல்லலாம்.

அப்பாயிகிட்ட நானே பேசினேன். பிள்ளைக்கு தேத்தண்ணி கெட்டதுன்னு சொன்னா அவங்களுக்கு மனசு ஒடிஞ்சிரும், ஏன்னா அவங்களோட ஏழு பிள்ளையும் அப்படித்தான் வளந்துச்சு. அதனால, "அப்பாயி, சோறு தின்ன பிறகு குடுங்க, முதல்ல வேணாம்"னு மட்டும் சொன்னேன். ரொட்டி சுடுற மாவுல திரிபோஷா (கிளினிக்ல குடுக்கிற சத்துமா) கொஞ்சம் கலக்கக் காட்டிக் குடுத்தேன். மூணு நாள் பகல் சோத்த முழுசா தின்னிருக்கான்னு அண்ணி நேத்து வொயிஸ் போட்டிருந்தாங்க. அடுத்த கிளினிக் 18ஆம் திகதி, புள்ளி எங்க விழுதுன்னு பாக்கணும்.

எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கு ஒரு கடிதம் எழுதப் போறோம், எங்க டிவிஷன்ல இருந்து மட்டும் இல்லாம ஏலுமான அளவு எல்லா இடத்துல இருந்தும். கடைசியா பிள்ளை பொறந்த வீட்டுல கேட்டுட்டு கீழ எழுதுங்க: எந்த டிவிஷன், பிள்ளை பொறந்து பத்து நாளைக்குள்ள மிட்வைஃப் எத்தனை தடவை வீட்டுக்குள்ள வந்தாங்க, எந்த பாஷையில பேசினாங்க. டிஸ்பென்சரிக்கு வந்தத கணக்குல சேக்காதீங்க.