மெக்கானிக் படித்த ஜாதகம்

அண்ணன் மகனுக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் அவன் பைக்கை சர்வீசுக்கு நான்தான் எடுத்துப் போனேன். மெக்கானிக் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன் பிரேக் லீவரின் நுனி வளைந்திருந்தது. வலது ஃபுட்ரெஸ்ட் தார் ரோட்டில் உரசி ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் மாற்றிய டிஸ்க் பேட் அதற்குள் தகடாகிவிட்டது. கண்ணாடி இரண்டுமே இல்லை. "தம்பிகிட்ட கொஞ்சம் பேசுங்கண்ணே" என்றார்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் அவன் தங்கமான பையன். எந்தப் பிள்ளை எங்கே போய் மோதுவானோ என்று நாம் குணத்தை வைத்தே கணக்குப் போடுகிறோம். குடிக்க மாட்டான், ஊர் சுற்ற மாட்டான், அதனால் பயமில்லை என்று இருந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லைசென்ஸ் வாங்கிய கையோடு 42 பிள்ளைகளின் கார்களில் கேமராவும் கருவிகளும் பொருத்தி 18 மாதம் கவனித்தார்கள். முடிவு 2012ல் வெளியானது. சடக்கென்று பிரேக் அடிப்பது, வளைவில் வெடுக்கென்று திருப்புவது எல்லாம் யாரிடம் அதிகமோ, அவர்கள்தான் அதிகம் மோதினார்கள், அல்லது மயிரிழையில் தப்பினார்கள். அந்தக் கருவி சொன்னதைத்தான் எங்கள் தெரு மெக்கானிக் தேய்ந்த பேடில் படித்தார்.

நம் ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டால் லைசென்ஸ். கால் ஊன்றாமல் ஓட்டுவான் என்பது அதில் தெரியும், சரி. நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவரலாம் என்று அவனுக்குத் தோன்றுமா? அது தெரியாது. பிரிட்டனில் 2002லிருந்து இதற்கென்றே ஒரு தேர்வு வைக்கிறார்கள். 14 வீடியோக்களைக் காட்டி, ஆபத்து உருவாவதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். 75க்கு 44 எடுத்தால்தான் தேர்ச்சி. இங்கேயும் வேண்டும். 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்துப்போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள்.

இன்னொன்று, பெற்றவர்களுக்கு. எல்எல்ஆர் போட்ட நாட்களில் கூடவே இருக்கிறோம். லைசென்ஸ் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். தனியாக ஓட்டத் தொடங்கும் அந்த முதல் சில மாதங்கள்தான் ரொம்ப மோசமானவை. அதிலும் ராத்திரி நேரம், நண்பர்கள் கூட இருக்கும் நேரம்.

அன்று ராத்திரி அவனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுப் பேசினேன். திட்டவில்லை. ஃபுட்ரெஸ்ட் எப்படித் தேய்ந்தது என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "பைபாஸ் திருப்பத்துல மூணு தடவை உரசிருச்சு சித்தப்பா. ஒரு தடவை விழுந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி இரண்டையும் மாட்டினோம். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அந்தத் திருப்பம் வரைக்கும் போய்விட்டு வந்தோம். அடுத்த ஞாயிறும் போகிறோம்.