முதுகை வெட்டும் முன் ஒரு நிமிடம்

மதுரையில் ஒரு பழைய புத்தகத்தை பைண்டிங்குக்குக் கொடுத்தால் அநேகமாக நடப்பது இதுதான். அட்டையைப் பிய்த்துப் போடுவார்கள். முதுகுப் பக்கத்தை கட்டிங் மிஷினில் வைத்து மூன்று நான்கு மில்லிமீட்டர் வெட்டுவார்கள். பாரம் பாரமாக, அதாவது கட்டுக் கட்டாக, மடிந்திருந்த தாள்கள் அத்தனையும் ஒற்றைத் தாள்களாகிவிடும். பிறகு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் துளை போட்டு, கெட்டி நூலால் பக்கத் தையல். மேலே ரெக்சின், அதன்மேல் தங்க எழுத்து. அலமாரியில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கையில் எடுத்தால் பாதிதான் திறக்கும். உள் ஓரத்து எழுத்தைப் படிக்க இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படி அமுக்க அமுக்க, தாள்கள் தையல் கோட்டை ஒட்டி ஒவ்வொன்றாக ஒடியும். ஒடிந்ததை மறுபடி தைக்கலாம் என்றால் மடிப்பு இல்லை. அது வெட்டிய அன்றே குப்பைக்குப் போய்விட்டது.

கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்குச் சோறு போடும் வேலை வேறு. வக்கீல்களின் சட்ட இதழ்கள், பல்கலைக்கழக ஆய்வேடுகள், அலுவலகப் பதிவேடுகள். ஆய்வேடு முழுக்க ஒற்றைத் தாள். அதில் மடிப்பே கிடையாது, பக்கத் தையல்தான் போட முடியும். அந்த வேலைக்கு அந்த முறை சரி. அதே கையை 1940இல் அச்சான ஒரு புத்தகத்தின் மேல் வைக்கும்போதுதான் கேடு. எந்தப் புத்தகத்துக்கு எது ஆகாது என்று தெரிந்தவரைத்தான் நான் ஆசான் என்பேன். தங்க எழுத்து யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஒரு முழுத்தாளின் இரு பக்கமும் அச்சடித்து மூன்று முறை மடித்தால் எட்டுத் தாள், பதினாறு பக்கம். அது ஒரு பாரம். 320 பக்கப் புத்தகத்தில் 20 பாரம். பழைய தமிழ்ப் புத்தகங்களில் 1, 17, 33ஆம் பக்கங்களின் அடியில் சின்னதாக ஒரு எண்ணோ எழுத்தோ இருக்கும். பைண்டருக்காக அச்சகம் போட்ட அடையாளம் அது. புத்தகத்தைப் பிரிக்கும் முன் அந்த அடையாளங்களை வைத்து வரிசை சரிபார்க்க வேண்டும். பிரித்த பிறகு பார்த்து, ஒரு பாரம் இல்லை என்று தெரிந்தால், கொடுத்தவர் தொலைத்ததா கடையில் தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு அவசரம் கூடாது. முதுகில் இறுகிப்போன பழைய வஜ்ஜிரத்தின் (தோலும் எலும்பும் காய்ச்சிய பசை) மேல் தண்ணியாக இல்லாமல் கெட்டியாக மைதாப் பசையைப் பூசி இருபது நிமிடம் விட்டால் ஊறிக் கொடுக்கும். முனை மழுங்கிய கத்தியால் வழிக்கலாம். பசை காய்ந்துவிட்டால் இன்னொரு முறை பூச வேண்டும், சுரண்டக் கூடாது. ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் தெரியும் நூலை வெட்டி, பாரத்தை மெல்ல உருவினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் பசை ஊறவில்லை என்று பொருள். இழுத்தால் மடிப்பு கிழியும்.

கிழிந்த மடிப்புகளுக்கு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மெல்லிய கைக்காகிதக் கீற்று ஒட்ட வேண்டும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாக நின்றுவிடும். எந்தக் கையாலும் எடுக்க முடியாது. லேமினேஷன் அதைவிடக் கொடுமை.

கீற்று ஒட்டியதும் ஒரு கணக்கு வருகிறது. கைப்பழக்கத்தையும் கைத்திறனையும் பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான். தைக்கும்போது ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் ஒரு நூல் தடிமன் சேர்கிறது. 0.4 மில்லிமீட்டர் நூலில் 20 பாரம் தைத்தால் முதுகு 8 மில்லிமீட்டர் உப்ப வேண்டும். தாளின் மென்மை அதில் பாதியை வாங்கிக்கொண்டால் மீதி 4. இந்த உப்பல் வேண்டும், ஏனென்றால் அது இருந்தால்தான் முதுகைச் சுத்தியலால் தட்டி வளைக்க முடியும், அட்டை உட்காரத் தோள், அதாவது முதுகின் இரு ஓரத்திலும் ஒரு சின்ன விளிம்பு, எடுக்க முடியும். உப்பல் குறைந்தால் முதுகு வளையாமல் தட்டையாக நின்று, நாளடைவில் உள்பக்கம் குழிந்துவிடும். மிஞ்சினால் புத்தகம் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து நிற்கும். மடிப்புக் கீற்று ஒட்டிய புத்தகத்தில் கீற்றே உப்பலைக் கூட்டிவிடுவதால் நூலை மெலிதாக எடுக்க வேண்டும். தாள் மொத்தமாகப் பஞ்சுபோல இருந்தால் நூல் கொஞ்சம் தடிக்கலாம். நல்ல பைண்டர் நாலு பாரம் தைத்ததும் கட்டைவிரலால் முதுகை அமுக்கிப் பார்ப்பார். இதை அளவுகோலால் கற்றுக்கொடுக்க முடியாது. விரலை அங்கே வைக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

தையலுக்கு லினன் அல்லது நல்ல பருத்தி நூல். நைலான் நூல் அறுந்துபோகாது, ஆனால் தாளை அறுத்துவிடும். நூலை ஒருமுறை தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் முறுக்காது, முடிச்சும் நழுவாது. டெமி அளவுப் புத்தகத்துக்கு, அதாவது சாதாரண நாவல் அளவுக்கு, முதுகின் குறுக்கே தையலைத் தாங்கும் 12 மில்லிமீட்டர் அகல நாடா மூன்று போதும். மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பாரத்தை அடுத்த பாரத்தோடு பிணைக்கும் சங்கிலி முடிச்சு. நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். வந்த வழியே திருப்பி இழுத்தால் துளை நீளமாகக் கிழியும். முதுகில் ரம்பத்தால் கீறி அதற்குள் கயிறு பதித்துத் தைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வேகமான முறைதான். கீறல் ஆழமானால் பசை பாரத்தின் உள்ளே இருக்கும் தாள் வரை இறங்கும், பாரம் நடுவில் திறக்காது. பழைய புத்தகத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பங்கு மைதா, நாலிலிருந்து ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதியை ஊற்றி, சிறு தீயில் பதினைந்து நிமிடம் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறியபின் துணியில் வடிகட்ட வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் இது மறுநாளே புளிக்கும். அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுகிறார்கள். பூச்சி வராது, பசை கெடாது. ஆனால் துத்தத்திலுள்ள தாமிரம் தாளின் சிதைவை விரைவுபடுத்தும். தொட்ட கையால் சாப்பிட்டால் விஷம். பதிவேட்டுக்கு அது போகட்டும். வைத்துக் காக்க வேண்டிய புத்தகத்துக்குச் சின்ன அளவில் காய்ச்சி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பெவிகால் வகைப் பசை அட்டை செய்யச் சரி. பழைய தாளின் முதுகில் நேரடியாகப் பூசக் கூடாது. மைதாப் பசையைத் தண்ணீர் பட்டால் பிரிக்கலாம், பெவிகாலைப் பிரிக்க முடியாது.

அட்டை வேலையில் அடிக்கடி கெடுவது ஒன்றுதான்: வளைவது. எல்லாத் தாளுக்கும் அட்டைக்கும் நார் ஓடும் திசை உண்டு. ஒரு துண்டை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. உள்தாள் (அட்டையின் உள்பக்கம் ஒட்டும் தாள்), அட்டை, துணி மூன்றிலும் நார் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறி வைத்தால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அட்டை அப்பளமாகும், உள்தாள் முதுகோரத்தில் சுருங்கும். தாளை மிச்சம்பிடிக்கக் குறுக்காக வெட்டுவதுதான் இதற்குக் காரணம்.

பிறகு அமுக்கு. பிரஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க, மழைக்காலமானால் இரண்டு ராத்திரி. உள்தாளின் ஈரம் முழுதாகப் போகும் முன் எடுத்தால் முன்சொன்ன வேலை எல்லாம் வீண்.

பைண்டிங் கலை கைமாறி வந்த வழியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு இங்கிலாந்துப் பரம்பரைதான் நினைவுக்கு வரும். டக்ளஸ் காக்கரெல், 1870–1945. லண்டனில் பைண்டிங் வகுப்பெடுத்தவர். 1901இல் அவர் எழுதிய கையேட்டை இன்றும் படிக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க பைபிள் ஏடான கோடெக்ஸ் சினாய்டிகஸை 1933இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியதும், 1935இல் அதைப் பைண்ட் செய்தவர் அவர்தான். அவரிடம் படித்தவர் ரோஜர் பவல். கோழிப்பண்ணை நடத்தியவர், முப்பது வயது தாண்டித்தான் இந்த வேலைக்கு வந்தார். டப்ளினிலுள்ள கெல்ஸ் ஏட்டை, அதாவது ஓவியங்கள் நிறைந்த பழைய லத்தீன் சுவிசேஷ ஏட்டை, 1953இல் நான்கு தொகுதிகளாகப் பைண்ட் செய்தார். அந்த ஏட்டுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் பைண்டிங் செய்து, ஓரத்தை அழகாக வெட்டிச் சமப்படுத்தியிருந்தார். ஆயிரம் வருடத்து ஓவியங்களின் விளிம்பு அந்த வெட்டில் போனது. பவல் எத்தனை தேர்ந்தவரானாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. கட்டிங் மிஷின் பக்கம் போகும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

பவலின் மாணவர் பீட்டர் வாட்டர்ஸ். 1966 நவம்பர் 4ஆம் தேதி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை புரண்டு தேசிய நூலகத்துக்குள் புகுந்தபோது, சேற்றிலிருந்து எடுத்த புத்தகங்களைக் காக்கும் வேலையை வழிநடத்தியவர். அந்த வேலையில் இருந்த கிறிஸ்டோபர் கிளார்க்சன் ஒன்றைக் கவனித்தார். விறைப்பான அட்டை இல்லாமல், பசையை ஏறக்குறைய நம்பாமல், வெறும் தையலாலும் மெல்லிய தோலுறையாலும் செய்த பழைய புத்தகங்கள்தான் வெள்ளத்தை நன்றாகத் தாங்கியிருந்தன. பசை கூடக் கூடப் புத்தகம் உறுதியாகும் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே காக்கரெல் காலத்தில் நம் பக்கத்து ஊர் தொடர்பான ஒரு சங்கதியும் நடந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய தோல் முதுகுப் புத்தகங்களைத் தொட்டால் கையில் செந்தூளாக ஒட்டும். இது ஏன் என்று லண்டனில் ஒரு குழு ஆராய்ந்து 1901இல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவிலிருந்து போன பதனிட்ட ஆட்டுத்தோல் பைண்டிங்குக்கு மிக மோசம், பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே சிதைவு தெரிகிறது என்றார்கள். அந்தத் தோல் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது. திண்டுக்கல் அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். செருப்புக்கும் பைக்கும் அருமையான தோல்தான். ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்து, விளக்குப் புகையிலும் காற்றிலும் உள்ள அமிலத்தை வாங்கிச் சிதையும் வகை. கடுக்காய்த் துவர்ப்பு அதைவிட நன்றாகத் தாங்கும். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தையும் அதோடு பாண்டியன் புத்தகசாலையையும் ஏற்படுத்தியதும் அதே 1901தான். அந்தக் காலத்துத் தோல் முதுகுப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள். சிதைந்த தோல் எண்ணெயால் மீளாது, கறைதான் ஏறும். தாளுறை போட்டு வையுங்கள்.

கற்றுக்கொடுக்கும் முறையில்தான் நம் ஊரில் பெரிய ஓட்டை. வருகிற பையனுக்கு முதல் வாரத்திலேயே ரெக்சின் ஒட்டக் கொடுத்துவிடுகிறார்கள், அதில்தான் காசு என்பதால். எல்லாருக்கும் ஊசி பிடிக்க ஆசை. முதலில் வர வேண்டியது மடிப்பு. தாளின் மூலையோடு மூலை சேர்த்து, மடிப்பதற்கென்றே வைத்திருக்கும் எலும்புத் துண்டால் ஒரே இழுப்பில் மடிப்பு விழ வேண்டும். நூறு தாள் மடித்து அடுக்கினால் ஓரம் மட்டமாக நிற்க வேண்டும். அடுத்தது கத்தி தீட்டுவது. பிறகு பசைத் தூரிகையை நடுவிலிருந்து வெளியே ஓட்டுவது. வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் ஓரத்தடியில் பசை புகும். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள் நோட்டுகளைத் தைக்கச் சொல்லி, தைத்ததை மாணவர் கையாலேயே பிரிக்கச் சொல்ல வேண்டும். தன் தையலைத் தானே பிரிக்கும்போதுதான் எங்கே இறுகியது, எங்கே துளை கிழிந்தது, எங்கே பசை தேவையில்லாமல் இறங்கியது என்று கண்ணுக்குத் தெரியும். நன்றாகத் தைத்த நோட்டு பத்து நிமிடத்தில் சேதமில்லாமல் பிரிந்து வரும். பழைய புத்தகத்தைக் கற்பவர் கையில் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்த ஆட்கள் இனி எங்கிருந்து வருவார்கள் என்பது நம் கூலியைப் பொறுத்தது. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று யார் குறைத்துக் கேட்கிறார்களோ அவருக்கே நூலக பைண்டிங் வேலையைக் கொடுத்தால், முதுகை வெட்டித்தான் அந்த விலைக்குச் செய்ய முடியும். ஒரு புத்தகத்தைப் பாரம் பாரமாகத் தைக்க ஒரு ஆளுக்கு முழுதாக அரை நாள் ஆகும். அரை நாள் கூலி கொடுக்க மனமில்லாமல் அரை நாள் வேலையைக் கேட்பது நியாயமில்லை.

எல்லாப் புத்தகத்தையும் தைக்கவும் முடியாது. ஐம்பதுகளில் மட்டத் தாளில் அச்சான புத்தகமானால், கடைசி வெற்றுத் தாளின் மூலையைக் கால் அங்குலம் முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பில் ஒடிந்தால் ஊசி போடக் கூடாது. நல்ல அட்டையில் நாலு மடல் உள்ள பெட்டி செய்து உள்ளே வைத்துவிடுவதே அதற்கு வைத்தியம். மதுரையில் புதுமண்டபத்திலும் பிறகு குன்னத்தூர் சத்திரத்திலும் விற்ற மெல்லிய கதைப் புத்தகங்கள், பூஜைப் புத்தகங்களுக்கு வேலை இன்னும் சின்னது. நடுவிலுள்ள கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை, நடுத் துளையில் தொடங்கி நடுத் துளையிலேயே முடிச்சு. ஊசியும் நூலும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் புத்தகத்தை நீட்டும்போதே சொல்லுங்கள்: "அண்ணே, முதுகை வெட்டாதீங்க, ஓரமும் வெட்ட வேணாம். பாரமாவே தைச்சுக் குடுங்க, ஆகுற கூலிய வாங்கிக்கங்க." முடியாது என்று அவர் சொன்னால் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முடியும் என்றால் முன்பணமும் பத்து நாளும் கொடுங்கள். மழைக்காலமானால் பதினைந்து நாள்.