தோட்டக் குழுவில் ஆஸ்பத்திரிப் பேச்சுக்கும் இடம் வேண்டும்

எங்கள் மதுரை மாடித்தோட்டக் குழுவில் போன வாரத்திலிருந்து ஒரு புது விதி. அரசியலும் மதமும் பேசக்கூடாது என்று முன்பே இருந்தது. இப்போது ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், அரசுத் திட்டங்கள் எதையும் பேசக்கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். அட்மின்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஒரு பைசா வாங்காமல் மாதாமாதம் விதைப் பகிர்வு நடத்துகிறவர்கள். ஆனாலும் இந்த விதி தவறு. குழுவில் இதைச் சொல்ல இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அச்சகம் நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், பத்து நாள் தன் மாடிக்கு வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கேட்டார். உடனே நாலைந்து பேர் நான் வருகிறேன் என்றார்கள். ஒருவர் மட்டும் "என்னண்ணே, ஊருக்கா?" என்று கேட்டார். இருதயத்தில் அடைப்பு, ரத்தக்குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைக்க வேண்டும், ஆனால் பாலிசி எடுக்கும் முன்பே சர்க்கரை இருந்தது என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கேஷ்லெஸ்ஸை, அதாவது ஆஸ்பத்திரிக்கு நேராகத் தானே பணம் கட்டுவதை, மறுத்துவிட்டது என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு வந்த பதில்களை நான் ஒன்று விடாமல் படித்தேன். காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்த ஒரு அக்கா, முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 3 ஆண்டுதான் என்றும், 5 ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால் மோசடியை நிரூபிக்காமல் கம்பெனி கை விரிக்க முடியாது என்றும் எழுதினார். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், நம்ம பெரியாஸ்பத்திரியிலேயே இருதய அடைப்பைப் பார்த்துச் சரிசெய்கிற கேத் லேப் இருக்கிறது, ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் அங்கேயே செய்கிறார்கள் என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று இன்னொருவர் வரிசையாகச் சொன்னார்: ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று. மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போதும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் சொல்லித்தருகிற அதே அக்கறையோடு, அதே மனிதர்கள் சொன்னது.

அப்புறம் யாரோ அதைக் "கலைஞர் கார்டு" என்று எழுதினார்கள். "அது அம்மா கொடுத்தது" என்றார் ஒருவர். "5 லட்சம் ஆக்கியது மோடி" என்றார் மூன்றாமவர். பேச்சில் மதுரை எய்ம்ஸ் வந்தது, செங்கல் வந்தது. நள்ளிரவுக்குள் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அதில் ஒருவரிடமிருந்துதான் எங்களில் பாதிப் பேருக்கு மூக்குத்தி அவரை விதை வந்தது. "மன்னிச்சுக்குங்க, நான் கேட்டிருக்கவே கூடாது" என்று அண்ணன் எழுதினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. காலையில் அட்மின் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். சண்டையோடு சேர்ந்து அந்த அட்டை விவரமும் போயிற்று.

சண்டை போட்ட மூன்று தரப்பும் சொன்னதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. 2009 ஜூலையில் கலைஞர் ஆட்சியில்தான் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீடு வந்தது. ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் அதை நிறுத்தி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது இதை அதோடு இணைத்தார்கள், தொகை 5 லட்சம் ஆனது. ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் 60 சதவீதம் ஒன்றியம், 40 சதவீதம் மாநிலம். பட்டியலுக்கு வெளியே உள்ள குடும்பங்களின் செலவு மாநிலத்தினுடையது. 2021இல் ஆட்சி மாறியது, திட்டம் தொடர்கிறது. ஒட்டுக்கட்டிய மாமரத்தில் வேர் ஒரு ரகம், கிளை வேறு ரகம் என்று தெரிந்த குழு எங்களுடையது. பழம் எந்த ரகத்தின் சாதனை என்று அங்கே யாரும் அடித்துக்கொள்வதில்லை.

நம் மாநிலத்தின் மருத்துவக் கட்டமைப்பு முழுக்க இப்படிப் பல கை மாறி வளர்ந்ததுதான். மகப்பேறு நிதியுதவியையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வழங்கப்படும் அந்தத் தொகை 2006இல் கலைஞர் ஆட்சியில் 6,000 ரூபாய் ஆனது, 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் 12,000, 2018இல் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் 18,000. ஓமந்தூரார் வளாகத்தில் 2010இல் புதிய தலைமைச் செயலகம் என்று திறந்த கட்டடத்தை, ஆட்சி மாறியதும் கைவிட்டு, 2014இல் உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தார்கள். அது பகையில் எடுத்த முடிவு என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கொரோனா காலத்தில் அங்கே படுக்கை கிடைத்து உயிர் பிழைத்தவர்களுக்கு அந்தப் பகையைப் பற்றி என்ன கவலை? 2021இல் திரும்ப வந்த திமுக அதை மறுபடி செயலகமாக மாற்றாமல் விட்டதே, அது நல்ல முடிவு. அதை யாரும் பாராட்டிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக வாங்காமல், மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, பிராண்ட் பெயர் பார்க்காமல், மருந்தின் மூலப் பெயரில் மொத்தமாக வாங்குகிறார்கள். வரும் சரக்கைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் விநியோகம். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியில் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஆட்சி மாறியும் யாரும் இதைக் கலைக்கவில்லை. கவர்ச்சியான பெயர் இல்லை, யார் படமும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை. எங்கள் குழுவில் பிரஷர் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறவர்கள் தினமும் விழுங்குவது இந்த ஏற்பாட்டின் பலனைத்தான்.

இதையெல்லாம் சொல்வதால் அரசியலே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். மருத்துவத்தில் அரசியல் உண்டு, இருக்கத்தான் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். அந்த மாத்திரையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தெருத்தெருவாக நடக்கிற பெண் தன்னார்வலர்களுக்கு நாம் என்ன ஊதியம் கொடுக்கிறோம் என்று கேட்பது அரசியல்தான், கேட்கத்தான் வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு, 2025 செப்டம்பர் வரை வயதானவர்களிடம் வாங்கினார்களே, அதைக் கண்டித்ததும் அரசியல்தான். கண்டித்தவர்கள் இருந்ததால்தான் அது போனது.

மதுரை தோப்பூரில் ஒன்றிய அரசு அறிவித்த எய்ம்ஸ் மருத்துவமனை விஷயத்தையும் அப்படித்தான் பேச வேண்டும். 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டினார். 2022இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தபோது மதுரையில் வகுப்பறை இல்லாமல் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். செங்கலைக் கேலி செய்கிறவரும் அதைத் தூக்கிப் பிடிக்கிறவரும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். இரண்டு பேர் வீட்டிலும் நோயாளி இருக்கிறார். சிவகங்கையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் மதுரைக்கு வருகிற நோயாளிகள் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க ஆரம்பித்தால் யார் கட்சி எது என்பது தானாகப் பின்னால் போய்விடும்.

"அதற்கு வேறு இடம் இருக்கிறது, தோட்டக் குழு எதற்கு?" என்று அட்மின் கேட்டார். வேறு இடம் எது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே வருமானம், ஒரே சாதி, பெரும்பாலும் ஒரே கட்சி. அலுவலகக் குழுவில் எல்லோருக்கும் ஒரே குரூப் பாலிசி. தோட்டக் குழுவில் ஆட்டோ ஓட்டுகிற தம்பியும், வங்கி மேலாளரும், செவிலியரும், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணனும், வீட்டு வேலைக்குப் போய் வந்து சாயங்காலம் குரோ பேக்கில் கத்திரி நடுகிற அக்காவும் ஒன்றாக இருக்கிறோம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கிற ஒருவர், அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறெங்கே வாய்ப்பு? தண்ணீர் ஊற்ற ஆள் கேட்டு எழுதுகிற மனிதரிடம், ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது என்றால் நாம் எப்படிப்பட்ட நண்பர்கள்?

அதனால் அட்மின்களுக்கு என் வேண்டுகோள்: தலைவர் பெயரை வைத்துச் சண்டை இழுக்கிற பதிவை நீக்குங்கள், இழுத்தவரை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். சிகிச்சை, செலவு, அட்டை, ஆஸ்பத்திரி அனுபவம், திட்டத்தின் குறைநிறை, இவற்றைப் பேச விடுங்கள். சண்டைக்குப் பயந்து தகவலை அழிக்காதீர்கள்.

அந்த இரவில் பேசியிருக்க வேண்டிய ஒன்று பேசப்படாமலே போயிற்று. காப்பீட்டு அட்டைக்கான வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய் இருந்து இப்போது ஆண்டுக்கு 1,20,000. அதாவது மாதம் 10,000. குழுவில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி டீசல் போக அதைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதிக்கிறார். நிறுவன வேலை இல்லாததால் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீடு கிடையாது. தனியார் பாலிசி கட்ட வசதியும் கிடையாது. அவருக்கு இருதய அடைப்பு வந்தால் எந்த அட்டையைக் காட்டுவார்? வெளியேறிப் போன இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்சியில் இருக்கிறவர்கள், கூட்டங்களில் மேடைக்கருகே நிற்கிறவர்கள். அந்த வரம்பை எவ்வளவாக உயர்த்தச் சொல்லி உங்கள் கட்சியிடம் கேட்பீர்கள் என்று அவர்கள் இருவரிடமும் கேட்க விரும்புகிறேன். இந்தப் பதிவைப் பார்த்தால் கீழே பதில் எழுதுங்கள்.