முதலில் அந்த ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள் ஐயா!

தையல் மெஷின் சர்வீஸ் என்ற பெயரில் நடக்கும் கூத்தை எழுதித் தீர்க்காவிட்டால் இன்று எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளி நெருக்கம். அக்கம்பக்கத்து ரவிக்கைத் துணிகள் மூட்டையாகக் கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்துத் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "இதோ வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா" என்கிறார். காசியிலிருந்து நடந்து வருகிறாரோ என்னவோ! ஒருவழியாக வந்து சேர்ந்தவர் மெஷின் தலையைச் சாய்த்துப் பார்க்கவில்லை, நூல் கோத்திருக்கும் விதத்தைப் பார்க்கவில்லை. நின்றபடியே சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஷட்டில் தேய்ந்துவிட்டது, பாபின் கேஸும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இரண்டும் அடியில் இருப்பவை: அடிநூல் கண்டு உட்காரும் கூடு பாபின் கேஸ், மேல்நூலை அடிநூலோடு பிணைப்பது ஷட்டில். மாற்றினார், காசை வாங்கினார், கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், மறுபடியும் அதே சிக்கு.

அடியில் நூல் சிக்கினால் கோளாறு அடியில்தான் என்று யார் சொன்னது? பெரும்பாலும் அது மேல்நூலின் வேலை. நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் அது சரியாக உட்காராவிட்டால் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று இறங்கிக் கீழே திரண்டுகொள்ளும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் அந்தத் தட்டுகள் விலகி இடம் கொடுக்கும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் உள்ளே போகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? சொல்லிவிட்டால் பாபின் கேஸ் எப்படி விற்கும்!

என் மெஷினில் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அறுந்த நூல் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தது. மெல்லிய துணியை உள்ளே விட்டு இழுத்ததும் வந்துவிட்டது. அதோடு விடாமல், ஊசி இறங்கும் இடத்தில் இருக்கும் ஊசித் தட்டின் திருகுகளையும் கழற்றினேன். துணியைத் தள்ளும் பற்களின் இடுக்கில் பஞ்சு கம்பளம் போல இறுகிக் கிடந்தது. நீலம், மெரூன், கிளிப்பச்சை என்று அடுக்கடுக்காக. எந்த மாதம் யாருக்கு என்ன தைத்தேன் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'ஃபுல் சர்வீஸ்' என்று கணக்கெழுதிப் பணம் வாங்கிப் போனவர் கண்ணில் இவ்வளவும் படவில்லை. இல்லை, படாதது போல் இருந்துவிட்டார். கழற்றிய பழைய பாபின் கேஸைப் பையில் போட்டுக்கொண்டு போனது மட்டும் மறக்கவில்லை. அது எந்த வீட்டில் புதியதாக அவதாரம் எடுக்கப் போகிறதோ!

எண்ணெய் விஷயம் தனி வயிற்றெரிச்சல். எண்ணெய் விடுவதற்கென்றே மெஷினில் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, பிறகு வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டிக் கசிவைத் துடைக்க வேண்டும். இவரோ குழாயடியில் தண்ணீர் பிடிப்பது போல் கண்ட இடத்திலும் பீய்ச்சிவிட்டுப் போய்விட்டார். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்பதுகூடவா தெரியாது? அடுத்து தைத்த சந்தன நிறப் பட்டு ரவிக்கையில் கறை. துணிக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்.

இதில் வீட்டுக்கு வருகிறவர்களின் யோசனை வேறு. "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடேன், லேசாக ஓடும்." சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய் அது. மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டாதது மெஷினுக்குள் மட்டும் ஓடுமா? நாள்பட்டால் பிசுபிசுத்து, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஆயில் என்று தனியாக விற்கிறார்களே, அது தலையில் தேய்த்துக்கொள்ளவா?

ஊசியும் அப்படித்தான். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் மாறிப்போனால் தையலே விழாது. ரவிக்கைப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்று எண்ணெல்லாம் இருக்கிறது. முனை மழுங்கினால் துணியில் இறங்கும்போது 'டப் டப்' என்று சத்தம் கேட்கும், தையல் தாவும். சில ரூபாய் ஊசியை மாற்றினால் தீர்கிற இந்தக் கோளாறுக்கும் "டைமிங் போய்விட்டது", அதாவது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் தவறிவிட்டது என்று ஒரு பெரிய பெயரை வைத்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரும்போது அது நம் மெஷின்தானா என்று அங்க அடையாளம் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கிய என் தங்கை கதை இன்னும் மோசம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. சர்வீஸ் சென்டரில் "தனியாக வராது மேடம், செட்டாகத்தான் வரும், அதற்குப் புது மெஷினே வாங்கிவிடலாம்" என்றார்கள். என் மாமியார் காலத்துக் கறுப்பு மிதி மெஷினைப் பார்த்து இவர்கள் சிரிக்கிறார்கள், அதுதான் வேதனை.

தையல் வகுப்புகளையும் விடப்போவதில்லை. பானை கழுத்து, படகு கழுத்து, பிரின்சஸ் கட் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சான்றிதழும் தருகிறார்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக்கூட தையல் தெரியும் என்ற சான்று வேண்டும். சரி, அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு ஊசித் தட்டைக் கழற்றத் தெரியும்? யாராவது காட்டினால்தானே தெரியும்! மெஷினை நம்பித்தான் பிழைப்பு என்கிறபோது, எண்ணெய்த் துளை எங்கே இருக்கிறது என்பதை மெக்கானிக் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் ஒதுக்குங்கள், டீச்சரம்மா. மெஷின் தலையைச் சாய்த்து, திருகுளியைப் பெண்கள் கையில் கொடுங்கள். பிரின்சஸ் கட் ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.