மறைக்கிறதாம்

ரசிகர்கள் நின்றுகொண்டே பாடும் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, ஆட்டம் தொடங்கியதும் முன்னால் நிற்பவரின் முதுகைத் தட்டி "தம்பி, உட்காருங்க, மறைக்குது" என்று சொல்லும் அன்பர்களே, பெரியமேட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் வட்டமாகக் கட்டப்பட்டது என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்த வட்டத்தில் பாட்டும் கூச்சலும் இல்லாத ஸ்டாண்டுகள் பல இருக்கின்றன. அவற்றில் காலி நாற்காலிகளும் இருக்கின்றன; சென்னையில் கால்பந்துக்கு எதில் வேண்டுமானாலும் பஞ்சம் வரலாம், காலி நாற்காலிக்கு வந்ததில்லை. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, டிரம் வைத்திருப்பவருக்கு நாலு வரிசை பின்னால், கொடி பிடித்திருப்பவருக்கு நேர் பின்னால் ஏன் வந்து அமர்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நம் ஊர்க் கால்பந்து அணியான 'சென்னையின் எஃப்.சி.'யின் கடந்த ஆட்டத்தில் எனக்கு வாய்த்த அன்பரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். நடுவரின் முதல் விசிலின் ஒலி அடங்குவதற்குள் என் முதுகில் தட்டு விழுந்தது. திரும்பினேன். நடுத்தர வயது, கையில் பாப்கார்ன், உடம்பில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூலின் சிவப்புச் சட்டை, பக்கத்தில் ஏழெட்டு வயது மதிக்கத்தக்க மகன். "மறைக்குது தம்பி." இந்த ஸ்டாண்டில் எல்லோரும் நின்றுதான் பார்ப்போம் என்று பணிவாகவே சொன்னேன். அவர் இடமும் வலமும் பார்த்தார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரையும் ஏதோ நான் வீட்டிலிருந்து அழைத்து வந்தவன்போல, "நீங்க உட்கார்ந்தா அவங்களும் உட்காருவாங்க" என்றார். எனக்கு முன்னால் வரிசை வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள், நான் உட்கார்ந்தால் உங்களுக்கு என் முதுகுக்குப் பதிலாக வேறொருவருடைய முதுகு தெரியும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் யோசித்தார். பாப்கார்னை மென்றார். "அப்ப அவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லிடுங்க" என்றார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், ஒரு ஸ்டாண்டையே உட்காரவைக்கும் பொறுப்பு சம்பளமில்லாமல் என் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. கார்னர் கிடைத்து எல்லோரும் துள்ளிய நேரத்தில் மறுபடியும் தட்டு. டிரம்மை மெதுவாக அடிக்கச் சொல்ல வேண்டுமாம், பையன் பயப்படுகிறானாம். பையனைப் பார்த்தேன். அவன் நாற்காலியின் மேல் ஏறி நின்று, டிரம்மின் அடிக்கு ஏற்ப இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தான். சொற்கள் தெரியாவிட்டாலும் பாட்டின் கடைசி அசையை மட்டும் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்குப் பின்னால் இருந்த யாரும் அவன் மறைப்பதாகப் புகார் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கல்யாண வீட்டில் தவில்காரருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கெட்டிமேளம் காதில் விழுகிறது என்று சம்பந்தியிடம் முறையிடுவதைப் போன்றது இது.

இந்தக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்வரிசையில் மெகாஃபோனோடு ஒருவர் நின்றாரே, பாட்டை எடுத்துக்கொடுப்பவர், அவரையாவது ஒரு கணம் உற்றுப் பார்த்திருக்கலாம். அந்த மனிதர் 90 நிமிடமும் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே நிற்கிறார். நாங்களும் பணம் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குகிறோம், அவரும் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறார். ஆனால் கோல் விழுந்தது என்பதையே அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். உலகத்தில் தீவிர ரசிகர் குழுக்கள் இருக்கிற அரங்கங்கள் பலவற்றிலும் இப்படி ஒருவர் உண்டு. ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்று அந்த ஸ்டாண்டுக்கு யாரும் வருவதில்லை. நன்றாகப் பார்க்க வேண்டுமானால் தொலைக்காட்சி இருக்கிறது. அதில் ரீப்ளேயும் உண்டு, முன்னால் என் முதுகும் இருக்காது. நேரு அரங்கத்தில் திடலுக்கும் ரசிகர்களுக்கும் இடையில் தடகள ஓடுபாதை வேறு விரிந்து கிடக்கிறது. அத்தனை தூரத்தையும் தாண்டி ஓர் ஆட்டக்காரனின் காதில் விழ வேண்டுமென்றால் நுரையீரல் முழுவதும் தேவைப்படுகிறது, உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாகத் தொண்டையைக் கட்டிக்கொண்டு திரும்பும் பிள்ளைகளுக்கு முன்னால், ஒருவருக்குப் பார்வை மறைக்கிறதாம்.

அவர் அணிந்திருந்த சட்டைதான் என் எரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தது. லிவர்பூல் ரசிகர்களின் கோட்டையான 'கோப்' ஸ்டாண்டு, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் லிவர்பூல் பகுதி வீரர்கள் பலர் மாண்ட ஒரு குன்றின் பெயரைத் தாங்கியது. தலைமுறை தலைமுறையாக மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பாடிய இடம் அது. 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் இங்கிலாந்தின் பெரிய அரங்கங்கள் அனைத்திலும் நாற்காலி கட்டாயமாகி, 1994-இல் கோப்பிலும் நாற்காலி வந்தது. நாற்காலி வந்த பிறகும் அங்கே மக்கள் எழுந்து நிற்பதை யாராலும் நிறுத்த முடியாமல், கம்பித் தடுப்புகளோடு பாதுகாப்பாக நின்று பார்க்கும் பகுதிகளுக்கு 2022-இல் அந்த நாட்டு அரசே அனுமதி கொடுத்தது. ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஒரே ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறார்கள். இதையெல்லாம் சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் பார்த்து, "என்னா ரசிகர்கள்யா" என்று சிலிர்த்துக்கொள்பவர்தான், சென்னையில் ஒருவன் எழுந்து நின்றால் மறைக்கிறது என்கிறார். சிலிர்ப்பு ஐரோப்பாவுக்கு, நாற்காலி நமக்கு.

2018 ஜூனில் மும்பையில் இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று வென்றபோது அரங்கம் காற்று வாங்கியது. மறுநாள் அணித்தலைவர் சுனில் சேத்ரி காணொளியில் வந்து, ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களைப் பெயர் சொல்லாத குறையாக அழைத்து, எங்களைத் திட்டுங்கள், கத்துங்கள், ஆனால் அரங்கத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கையெடுத்துக் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. அன்பரே, சேத்ரி கேட்டதற்கிணங்க நீங்கள் வந்தது மகிழ்ச்சி, ஆனால் அவர் உங்களைக் கத்தத்தான் அழைத்தார், கத்துபவனின் முதுகைத் தட்ட அழைக்கவில்லை.

இடைவேளையில் அவரே சமாதானத்துக்கு வந்தார். "டோனி இன்னைக்கு வருவாரா தம்பி?" இந்தக் கேள்வியைச் சந்திக்காத சென்னையின் ரசிகர் இருந்தால் அவர் பாக்கியவான். டோனி இந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர் என்பது உண்மைதான். அதற்காக அவர் கார்னர் அடிக்க வரமாட்டார் என்று விளக்கும் பொறுப்பு எப்போதும் நம்மிடமே வந்து சேர்கிறது. (நம் அணியின் நிறம் நீலம் என்று தெரியாமல் கிரிக்கெட் அணியின் மஞ்சள் சட்டையோடு கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு வந்து, மஞ்சள் அணியும் அவர்களுடைய ரசிகர் குழுவான மஞ்சப்படையின் கணக்கில் நம்மவர்களே ஆள் சேர்க்கும் கொடுமையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

80-ஆவது நிமிடத்தில் அவர் கிளம்பினார். கூட்டம் வெளியே வருவதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டுமாம். 2015 இந்தியன் சூப்பர் லீக் இறுதிப்போட்டியில், கோவாவின் ஃபடோர்டா அரங்கத்தில் 87-ஆவது நிமிடம் ஜோஃப்ரே கோல் அடித்து கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. 90-ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்த கோல். 90 நிமிடத்துக்கு மேல் நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் நம் மென்டோசா அடித்த கோலில் கோப்பை நம்முடையதானது. இவர் அங்கே இருந்திருந்தால், கோப்பையை நாம் வென்ற நேரத்தில் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டிருப்பார். அப்பா கையைப் பிடித்து இழுத்தபோது அந்தப் பையன் அழுதான். டிரம்முக்குப் பயந்தவன் என்று சொல்லப்பட்ட அதே பையன்தான்.

கிளம்பும் முன் மீண்டும் முதுகில் தட்டினார். இந்த முறை கைப்பேசியை நீட்டினார். "ஒரு போட்டோ தம்பி, பின்னால அந்தக் கொடியும் டிரம்மும் தெரியணும்." அதற்கு மட்டும் எழுந்து நின்றார்; பின்வரிசைக்கு மறைக்குமே என்ற கவலையெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. நானும் எடுத்துக் கொடுத்தேன். படுக்கையாக ஒன்று, நெடுக்கையாக ஒன்று. அவர் கை முஷ்டியை உயர்த்தி, வாயை அகலத் திறந்து, 90 நிமிடமும் பாடித் தீர்த்தவரைப்போல் நின்றார். இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அன்று இரு அணிகளும் கோலே அடிக்கவில்லை. அவ்வளவு நேரமும் நான் மறைத்ததாக அவர் புலம்பியது அதைத்தான்.

வெளியே வந்து ஆட்டோ ஏறினேன். குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு, மேட்ச் முடிந்துவிட்டதா, ஸ்கோர் என்ன என்று ஆர்வமாகக் கேட்டார். பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்றேன்.

"அடடா, மழையா சார்?" என்றார்.