சிறுவர் சந்தையில் போடும் முதல் யாருடையது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகளின் வாகனத் தரிப்பிடங்களிலும் மண்டபங்களிலும் பிள்ளைகளே கடை போட்டு நடத்தும் சிறுவர் சந்தைகளுக்கு நான் விருப்பத்தோடு போகிறவன். ரியூசனுக்கும் பரீட்சைக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் நம் பிள்ளைகள் ஒரு காலைப் பொழுதாவது அறிமுகமில்லாத மனிதரின் முகத்தைப் பார்த்து விலை சொல்லிப் பழகுவது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைகளுக்கு முதல் போடுவது யார், நட்டம் வந்தால் அதைத் தாங்குவது யார் என்ற கேள்வியை ஒழுங்கு செய்கிறவர்களும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் நடத்தப்படும் சந்தை, பிள்ளைக்கு வியாபாரத்தைப் பற்றித் தவறான ஒரு படத்தையே கொடுத்தனுப்புகிறது என்பது என் கருத்து.

தரம் 6 படிக்கும் என் தங்கையின் மகன் அண்மையில் ஒரு சந்தையில் மாங்காய் அச்சாறு விற்றான். 30 கோப்பைகள் போட்டு, ஒன்று 150 ரூபாய் என்று எழுதி வைத்து, மதியத்துக்குள் 26 கோப்பைகளை விற்றுவிட்டான். கையில் 3,900 ரூபாய் இருந்தது. எவ்வளவு இலாபம் என்று கேட்டேன். "முழுக்க லாபம்தான் மாமா, சாமான் எல்லாம் அப்பா வாங்கித் தந்தவர்" என்றான். அன்று பின்னேரம் ஒரு கொப்பியைக் கொடுத்து, எதற்கெல்லாம் காசு போனது என்று எழுதச் சொன்னேன். மாங்காய்க்கு 1,600, சீனி, வினாகிரி, மிளகாய்த்தூளுக்கு 500, கோப்பைக்கும் மரக் கரண்டிக்கும் 600, புறக்கோட்டைக்குப் போய்வந்த ஓட்டோவுக்கு 1,000, மேசைக்கு அறவிட்ட கட்டணம் 500. கூட்டிப் பார்த்தால் 4,200. அதாவது 3,900 ரூபாய் இலாபம் என்று பூரித்திருந்தவனுக்கு உண்மையில் 300 ரூபாய் நட்டம். விடியற்காலையில் எழுந்து மாங்காய் சீவிய தாயின் உழைப்பை இதில் நாங்கள் சேர்க்கவே இல்லை. பையன் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெள்ளவத்தைச் சந்தையிலேயே மாங்காய் எடுத்தால் ஓட்டோக் காசு மிச்சம்தானே?" என்று கேட்டான். மாங்காய் இங்கே சற்று விலை கூடினாலும் ஆயிரம் ரூபாய் கூடாது என்பதை அவனே கணக்குப் பார்த்துக்கொண்டான். சந்தையில் நின்ற நேரம் முழுவதும் அவனுக்குத் தோன்றாத கேள்வி அது.

இந்த விடயத்தை மற்ற நாடுகளில் கொஞ்சம் கவனமாகவே செய்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2007 இல் தொடங்கிய லெமனேட் டே என்ற திட்டத்தில், பிள்ளை தன் கடைக்கு வேண்டிய முதலைக் கடனாகப் பெற்று, விற்றுமுதலிலிருந்து அதைத் திருப்பிக் கொடுப்பது பாடத்தின் ஒரு பகுதி. அதே ஆண்டில் அதே டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் தொடங்கிய அக்ரன் சிறுவர் வணிகச் சந்தையில், பெற்றோர் பிள்ளையின் பொருளை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்பது விதி. நம் சந்தைகளிலோ "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிடுவதும் மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பதும் பெரும்பாலும் தாய்மார்தான்; பிள்ளை பின்னால் கதிரையில் இருந்து கைபேசி பார்க்கிறது. போதாததற்கு அம்மம்மாவும் சித்திமாரும் வந்து, விலையும் கேட்காமல், ஐந்தாறு மணிக் கைச்சங்கிலிகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் பொருள் பிடிக்காமல் விலகிப் போகும் வாடிக்கையாளரிடமிருந்து பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய செய்தியை அந்த அன்பு மறைத்துவிடுகிறது.

சின்ன வயதிலேயே பிள்ளைகளைக் காசுக்குப் பழக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் ஏற்கெனவே காசுக்குப் பழகியவர்கள்தாம். சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் வாங்குகிறார்கள். ஹபன், ரண் கெகுளு என்று ஏதாவதொரு சிறுவர் சேமிப்புக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கிறது. காசு வாங்கவும் சேர்த்து வைக்கவும் தெரிந்த பிள்ளைக்கு, அது எப்படி உண்டாகிறது என்பது மட்டும் தெரியாது. பின்னர் சாதாரண தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் எடுத்து, வாழ்நாளில் ஒரு பற்றுச்சீட்டைக்கூடக் கையாளாமல் இலாப நட்டக் கணக்குத் தயாரிக்கிறார்கள். சந்தைக்கான முதலை அந்தக் கைவிசேடக் காசிலிருந்தே எடுக்கச் சொல்லலாம். அது போதாவிட்டால் தகப்பன் கடனாகக் கொடுத்து, விற்ற அன்றே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இதைவிடக் கனமான இன்னொரு கேள்வி உண்டு. அதே காலி வீதியில், வாகன விளக்குச் சந்திகளில் ஊதுபத்தி நீட்டும் பிள்ளையைக் கண்டால் நாம் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக இலங்கைச் சட்டம் உயர்த்தியது 2021 இல்தான். விற்பனை என்ற செயல் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு பிள்ளை விற்காவிட்டால் இரவுச் சாப்பாடு கேள்விக்குறியாகிறது, மற்றப் பிள்ளை விற்காவிட்டால் ஒன்றும் ஆவதில்லை. நட்டப்பட்டுப் பார்க்கும் வசதி நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்றால், அந்த நட்டத்தையே அவர்கள் கண்ணில் படாமல் பெற்றோர் விழுங்கிவிடுவது என்ன நியாயம்? மேசைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தொடர்மாடியின் காவலாளியின் மகளும் அங்கே கடை போடத்தான் வேண்டும். விற்றபின் கட்டினால் போதும் என்றால் அவளாலும் வர முடியும்.

உணவுக் கடைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய பழத்தை மூடாமல் நண்பகல் வெயிலில் வைத்திருக்கும் மேசைகளைப் பார்த்திருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, அதிக விற்பனைக்குக் கொடுக்கும் பரிசு. அந்தப் பரிசு பிள்ளையிடம் சேர்ந்த மொத்தக் காசைப் பார்க்கிறதே தவிர, செலவு போக மிஞ்சியதைப் பார்ப்பதில்லை. ஆகவே எந்தத் தகப்பன் அதிகமாகச் சரக்கு வாங்கிக் கொடுத்தாரோ அவருடைய பிள்ளைக்கே அது போய்ச் சேர்கிறது. அடுத்த சந்தையை ஒழுங்கு செய்கிறவர்கள் அதை நிறுத்திவிட்டு, வரவு செலவை ஒழுங்காக எழுதிய கொப்பியைக் காட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேசைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். அது நட்டக் கணக்காக இருந்தாலும் தள்ளுபடி கிடைக்க வேண்டும்.